சூறாவளியின் இரண்டாவது காற்று

கிழக்கிலங்கையில் மூத்தவர்களிடம் வயதைக் கேட்டால் இன்றும் சிலர் ஆண்டு சொல்வதில்லை. "சூறாவளிக்கு எனக்குக் கலியாணம் முடிஞ்சி மூணு வருஷம்" என்பார்கள். எந்தச் சூறாவளி என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை; எமது கணக்கில் வெள்ளி இரவு.

900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 10 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் சரிந்தது. வரலாறு இவற்றை எண்ணி வைத்திருக்கிறது. வீட்டுக்குள் இருந்தவர்கள் கற்றுக்கொண்டதை அது எழுதி வைக்கவில்லை என்பதே எனது ஆதங்கம்.

எங்கள் பகுதிப் பெரியவர்களிடம் நான் கேட்டறிந்தவற்றுள் முக்கியமானது, காற்று இரண்டு முறை வரும் என்பதாகும். இதற்குக் காரணமுண்டு. நமது பாகத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்கிறது. வங்கக் கடலிலிருந்து மேற்கே நகர்ந்து வரும்போது அதன் முன்பாதி வடக்கிலிருந்து வீசும். நடுக்கண் கடக்கையில் காற்று ஓய்ந்துவிடும். அதன்பின் தெற்கிலிருந்து மறுபாதி அறையும். ஓய்வை முடிவென நம்பி வளவுக்குள் இறங்குபவரையும், ஒரு பக்கம் அசைந்து நிற்கும் சுவரையும் மரத்தையும் வீழ்த்துவது இந்த இரண்டாவது காற்றுத்தான். எனவே, அது அடங்கி, அறிவித்தல் வரும்வரை கதவைத் திறக்கலாகாது.

ஆயத்தம் ஐப்பசியிலேயே தொடங்க வேண்டும். கூரைக்கு மேல் சாய்ந்த கிளைகளைத் தறிப்பதும், தகரங்களை வளையோடு கம்பியால் இறுக்குவதும், முற்றத்தில் கிடக்கும் தகரத் துண்டுகளை உள்ளே எடுப்பதும் அப்போதே ஆகவேண்டியவை. பறக்கும் தகரம் கத்திக்குச் சமம். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வைக்கலாம். குடிநீர், உலர் உணவு, மருந்து, டோர்ச், பற்றரி வானொலி என்பன கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கிடுகு வீட்டிலும் கடலோரத்திலும் இருப்போர், எந்தக் கொங்கிரீற் கட்டடத்துக்குப் போவது, முதியவரை யார் தூக்குவது என்பதை முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். உள்ளே இருப்போர் ஜன்னலை விட்டு விலகி, நடு அறையில் இருப்பது நல்லது. விடிந்ததும் அறுந்து கிடக்கும் மின்கம்பியை எவரும் தொடக்கூடாது.

1964 டிசம்பர், 1978 நவம்பர், 2000 டிசம்பர், 2020 டிசம்பர்: சூறாவளிகள் நம் கரையைத் தொட்ட மாதங்கள் இவை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உண்டு. 117 என்ற இலக்கமும் உண்டு. எனினும் அறிவித்தலைக் கேட்டு எழும்புவது வீட்டார்தான். 1978ஐக் கண்டவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் கேட்டு எழுதி வைத்தால், அடுத்த காற்றில் அது ஒரு குடும்பத்தையாவது கதவுக்குள் நிறுத்தி வைக்கும்.