கையை விட்டுப் போன ஹேண்ட் பிரேக்

இப்போது வருகிற கார்களில் ஹேண்ட் பிரேக் கம்பியைத் தேடினால் கிடைக்காது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை விரலால் தூக்கினால் பின்பக்கம் 'உய்ங்' என்று ஒரு சத்தம், டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான் ஹேண்ட் பிரேக். கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போனாலும் நம் ஊரில் இன்னும் அதே பெயர்தான்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பின்சக்கர பிரேக் கட்டையை மாற்றுவதெல்லாம் பையன்களுக்கு முதல் வருஷத்திலேயே கைவந்துவிடும் வேலை. இன்று அதே வேலையைத் தெரியாமல் தொட்டால் காலிப்பரே போய்விடும். விரல் நசுங்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு எளிய வேலை எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். வழியில் மேடு பள்ளம். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துகொண்டே வந்தது. அந்த அம்மாள் வழியில் ஒரு செருப்பு தைப்பவரைப் பிடித்து, கட்டையின் மேல் தோலை அறைந்து தரச் சொன்னார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்பார்கள். எஞ்சினியரிங் புத்தகங்களில் அந்த அம்மாளுக்கு இன்னும் நாலு வரி கூடுதலாக எழுதலாம் என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ல் லைனிங் செய்வதையே தொழிலாக்கினார். தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு, ஓர் 'இ' சேர்த்து 'ஃபெரோடோ' என்று பெயர் வைத்தார். பழைய ஆட்கள் லைனிங் வாங்கக் கடைக்குப் போகும்போது சொல்வார்களே, அந்த ஃபெரோடோதான். சில வருஷங்களில் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் வந்து சேர்ந்தது. சூடு தாங்கும், சீக்கிரம் தேயாது, விலையும் குறைவு. ஆனால் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது என்பதை உலகம் ஒப்புக்கொள்ளப் பல தலைமுறை ஆயிற்று. பிரிட்டனே 1999-ல்தான் முழுத் தடை போட்டது. டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதித் தூளைப் பறக்கவிடுவது அந்த நாளில் ஷெட்டுகளில் சர்வ சாதாரணம். பையன்களிடம் ஈரத்துணியால் துடைக்கச் சொல்வேன். இன்றைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஊதாதீர்கள். எந்தத் தூளும் நெஞ்சுக்கு நல்லதில்லை.

நம் பக்கத்துக் கதையும் இதில் உண்டு. 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா வந்தது. ரானே பிரேக் லைனிங் 1964-ல், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-ல். ஆவடி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இவையெல்லாம் சுற்றுவட்டாரப் பெயர்கள். நாட்டில் ஓடிய லாரி, பஸ், கார்களில் ஏராளமானவை நின்றது பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் செய்த சாமானால்தான்.

அந்தக் கால ஹேண்ட் பிரேக்கில் மர்மம் எதுவும் கிடையாது. பின்சக்கரத்தில் டிரம். டிரம்முக்குள் இரண்டு ஷூ. கம்பியை இழுத்தால் கேபிள் இழுபடும், ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும். கேபிள் தளர்ந்தால் ஒரு நட்டை முறுக்கினால் போதும். அதுவும் பிடிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது கட்டை. மலைப்பாதையில் லாரி நின்றதும் கிளீனர் பையன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதைப் பார்க்காதவர்கள் உண்டா?

குழப்பம் வந்தது டிஸ்க் பிரேக்கால். லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் 1953-ல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடும் வண்டியை நிறுத்த டிஸ்க்கைப் போல் கிடையாது. நின்ற வண்டியைப் பிடித்து வைப்பதில்தான் சங்கடம். பெடல் மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது, காலை எடுத்தால் அழுத்தம் போய்விடும். ராத்திரி முழுக்க நிற்க வேறு ஏதாவது வேண்டும்.

அதற்குக் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, டிஸ்க்கின் நடுக்குழிக்குள்ளேயே ஒரு குட்டி டிரம் வைப்பது. இன்னொன்று, காலிப்பர் பிஸ்டனுக்குள் ஒரு மரை வைத்து, கேபிள் இழுக்கும்போது அது சுழன்று பிஸ்டனைத் தள்ளும்படி செய்வது. இந்த இரண்டாம் வகையில் பேட் மாற்றும்போது பிஸ்டனை நேராக அமுக்க முடியாது. அதற்கென்று இருக்கும் டூலை வைத்துத் திருகிக்கொண்டே உள்ளே அனுப்ப வேண்டும். இங்கேயே பாதிப் பேர் தடுமாறினார்கள்.

2001-ல் வந்த பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் கம்பி போய் பொத்தான் வந்தது. உள்ளே ஒரு மோட்டார் அதே பழைய கேபிளை இழுத்தது, அவ்வளவுதான். 2005-ன் ஃபோக்ஸ்வாகன் பஸாட் போன்ற கார்களில் கேபிளும் போய்விட்டது. ஒவ்வொரு பின் காலிப்பரின் முதுகிலும் ஒரு சின்ன மோட்டார். அது பல்சக்கரங்கள் வழியாக ஒரு மரைத்தண்டைச் சுழற்றும், தண்டின் மேல் இருக்கும் நட்டு முன்னால் நகர்ந்து பிஸ்டனைத் தள்ளும், பேட் டிஸ்க்கைக் கவ்வும்.

மோட்டார் வண்டியைப் பிடித்து வைப்பதில்லை. மரைதான் பிடித்து வைக்கிறது. ஸ்க்ரூ ஜாக்கியில் வண்டியைத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தால் அது தானாகக் கீழே இறங்குகிறதா? ரயிலில் கார்டு வேனில் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் போடுவார்களே, அந்த பிரேக்கும் மரைதான். நின்ற வண்டியைப் பிடிப்பது சுத்தமான இயந்திரப் பிடியாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதியே சொல்கிறது. கரண்ட் போனாலும் பிடி விடக் கூடாது. நல்ல விதி. ஆனால் பேட்டரி செத்துப்போனால் பிடியை எடுக்கவும் முடியாது என்பது அதன் மறுபக்கம். தள்ளி ஓரம் கட்டும் வழக்கமெல்லாம் அங்கே செல்லாது.

எங்கள் தெருவில் நண்பர் ஒருவரின் காருக்குப் போன வருஷம் பின் பேட் மாற்றினார்கள். மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றினால் போதும் என்று நினைத்து, சி-கிளாம்ப் போட்டு பிஸ்டனை அமுக்கியிருக்கிறார். பிஸ்டனுக்குப் பின்னால் அந்த நட்டு முட்டிக்கொண்டு நிற்கும்போது எப்படி உள்ளே போகும்? 'கடக்' என்று ஒரு சத்தம். உள்ளே பல் உடைந்தது. பேட் வாங்கப் போனவர் காலிப்பர் வாங்கிக்கொண்டு வந்தார். வேறு சிலர் மோட்டாருக்கு நேராகப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்துப் பின்னால் சுழற்றுகிறார்கள். எங்கே நிறுத்துவது என்பது காரின் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்தே அது நிறுத்துகிறது. கம்ப்யூட்டர் இல்லாமல் ஓட்டினால் நட்டு கடைசி வரை போய் இறுகிக்கொள்ளும்.

சரியான வழி, முதலில் வண்டியை 'சர்வீஸ் மோடு'க்குக் கொண்டுபோவது. பெரும்பாலும் ஸ்கேனர் மாட்டித்தான் செய்ய முடியும். சில வண்டிகளில் பொத்தானையும் பெடலையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்திச் செய்யலாம். அந்த வரிசை அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். மோட்டார் நட்டை முழுக்கப் பின்னால் இழுத்துக்கொள்ளும். அதன்பிறகு பிஸ்டன் நேராக அமுங்கும். அமுக்கும்போது பிரேக் ஆயில் மேலே ஏறும், டப்பா வழிகிறதா என்று பார்க்க வேண்டும், பெயின்ட் மேல் பட்டால் உரித்துவிடும். சர்வீஸ் மோடில் இல்லாத வண்டி கதவைத் திறந்தாலோ ஸ்விட்ச் போட்டாலோ தானாகவே பிரேக்கைப் பிடிக்கலாம். அந்த நேரத்தில் விரல் காலிப்பருக்குள் இருந்தால் மோட்டாருக்கு அது பேடா விரலா என்று தெரியாது.

இன்னொன்று. சர்வீஸ் மோடில் பின்சக்கரத்துக்குப் பிடியே கிடையாது. ஜாக்கி ஏற்றுவதற்கு முன் முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டாக வேண்டும். அதே பழைய கட்டைதான்.

பேட் போட்டு முடித்ததும் பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மெதுவாக மிதிக்க வேண்டும். பிறகு சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்து, பொத்தானை இரண்டு மூன்று முறை போட்டு எடுத்து, இரண்டு பக்கமும் சத்தம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டியை நகர்த்தலாம்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் அம்பத்தூரில் ஷெட் வைத்திருக்கிறான். பையன் என்கிறேன், அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. "ஸ்பேனர் மட்டும் போதாது சார், இப்ப வண்டிகிட்ட பர்மிஷன் கேக்கணும்" என்றான். எல்லாக் கம்பெனி வண்டிக்கும் ஆகிற நல்ல ஸ்கேனர் அவனைப் போன்ற ஒற்றை ஆள் ஷெட்டுக்குக் கட்டுப்படியாகாது. அது இல்லையென்றால் புதிய கார்கள் எல்லாம் பெரிய ஷோரூமுக்குப் போய்விடும், இவனுக்குப் பழைய வண்டிகள்தான் மிஞ்சும். அவனும் பக்கத்துத் தெரு ஷெட்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பணம் போட்டு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் அங்கே பின் பேட் மாற்றப் போனால் கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கும். மெஷின் இன்றைக்கு யார் ஷெட்டில் இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு, சின்னப் பையனை சைக்கிளில் அனுப்புவான்.