பரணில் இருக்கும் பட்டாளத்துப் பெட்டி

உங்கள் வீட்டுப் பரணிலோ சொந்த ஊரிலோ ஒரு பச்சை இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கிறதா? மூடியில் யாரோ ஒரு சிப்பாயின் எண்ணும் பெயரும், மேலே நாலு கோட் பெயின்ட் அடித்த பிறகும் லேசாகத் தெரிகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பெட்டி இல்லாதவர்களும் படிக்கலாம். ஜிஎஸ்டி ரோட்டில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போகும்போது பின்சீட்டிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உதவும். (நம் படாளத்துக்கும் பட்டாளத்துக்கும் ஒரு 'ட்'தான் வித்தியாசம். சென்னையில் பட்டாளம் என்றே ஒரு பேட்டை இருப்பதால், பார்சல் முகவரியை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.)

பெரியவர்களைக் கேட்டால் இரண்டு சொற்களைச் சொல்வார்கள். ஒன்று 'டிஸ்போசல்'. ராணுவம் தனக்கு வேண்டாம் என்று விற்ற சரக்கு. மற்றது 'கண்டம்'. 'வண்டியைக் கண்டம் பண்ணிட்டாங்க' என்றால், அதிகாரிகள் பார்த்து இனி உதவாது என்று எழுதிவிட்டார்கள் என்று பொருள். 'கண்டெம்ண்டு' என்ற ஆங்கிலச் சொல் தமிழில் வந்து ஜாதகத்துக் கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் ராணுவத்துக்குக் கண்டமான வண்டி, ஊரில் பத்து இருபது வருஷம் ஓடும். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது குண்டு போட்டன. மதராஸ் நகரமே பாதி காலியானது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்களின் பின்னால் கரி எரிக்கும் உலையைப் பொருத்தி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். காலையில் பஸ் கிளம்பும் முன் உலையை மூட்டி, விசிறியைக் கையால் சுற்றி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. சொந்தமாக ஒரு புது வண்டி வாங்குவது யாருக்கும் எட்டாத காரியம்.

1945இல் போர் முடிந்தது. பர்மா போர்முனைக்காக இந்தியாவில் குவித்து வைத்த ஜீப்புகள், லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், கூடாரத் துணி, கம்பளி, ஜெர்ரிகேன், டயர் எல்லாம் ஒரேயடியாக உபரியாகிவிட்டன. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போருக்காக 6 லட்சத்துக்கு மேல் ஜீப் செய்திருந்தன. இங்கே மிஞ்சியவை ஏலத்துக்கு வந்தன. பெரும்பாலும் 'உள்ளது உள்ளபடி' விற்பனை. ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் மெக்கானிக்கின் அதிர்ஷ்டம். போர்க்கால ஜீப்புக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அதனால்தான் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று பின்னால் எழுதிக்கொண்டு அவை நம் சாலைகளில் ஓடின. ராணுவ லாரிகள் மலைக்காடுகளில் மரம் இழுத்தன.

இது நம் நாட்டுக் கூத்து மட்டுமல்ல. டெல்லியில் ராணுவ ஹார்லி டேவிட்சன்களின் பின்னால் சீட் கட்டி 'பட்பட்டி' என்ற ஷேர் ஆட்டோ ஆக்கினார்கள். 1990களின் இறுதி வரை அந்தப் பெயரில் வண்டி ஓடியது. மணிலாவில் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்பை நீட்டி, பூ வேலை செய்து, 'ஜீப்னி' என்ற நகரப் பேருந்தாக்கினார்கள். வேல்ஸில் மாரிஸ் வில்க்ஸ் என்ற ரோவர் கம்பெனி இன்ஜினியர் தன் பண்ணையில் ஒரு பழைய ராணுவ ஜீப்பை ஓட்டினார். இது போனால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் 1948இன் லேண்ட் ரோவர்.

'அந்தக் காலத்தில் என்ன மலிவு!' என்று பேசும்போது நாம் விட்டுவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தச் சரக்கு உண்மையில் மலிவா? போருக்கான பொருட்களைப் பிரிட்டன் இந்தியாவில் வாங்கியது. விலையை அப்போதே தரவில்லை. லண்டனில் பவுண்டுகளில் உங்கள் பெயரில் வரவு வைக்கிறோம் என்றது. அந்த வரவைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தது. பொருள் போருக்குப் போயிற்று, நோட்டு மட்டும் ஊரில் பெருகியது. விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 1943 வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்தப் பணவீக்கமும் அதற்கு ஒரு காரணம்.

இதன் அடுத்த அத்தியாயம் 1948இல். பிரிட்டன் இங்கே விட்டுப்போன ராணுவச் சரக்குக்கும் கட்டடங்களுக்கும் விலை பேசினார்கள். 10 கோடி பவுண்டு என்று முடிந்தது. அன்றைய கணக்கில் 133 கோடி ரூபாய். அதை நமக்குத் தர வேண்டிய கடனிலேயே கழித்துக்கொண்டார்கள். அதாவது உங்கள் தாத்தா ஏலத்தில் எடுத்த கம்பளிக்கு, ஏலத்துக்குப் போகும் முன்பே அரிசிக் கடையில் ஒரு தவணை கட்டிவிட்டார்.

அதே 1948இல் காஷ்மீர் போருக்காக லண்டனில் இருந்த நம் ஹைகமிஷனர் வி.கே. கிருஷ்ண மேனன், புதுப்பித்த பழைய ஜீப்புகள் 2,000 வாங்க ஒப்பந்தம் போட்டார். வந்தவை 155. நாடாளுமன்றத்தில் அது எழுப்பிய புயல் வருடக்கணக்கில் ஓயவில்லை. பழைய ஜீப் வாங்குவதில் அரசாங்கமே இவ்வளவு பட்டது என்றால், தனி ஆள் எத்தனை பட்டிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வந்த தலைமுறைக்கு ராணுவ வண்டி என்றால் ஜபல்பூர் தொழிற்சாலையின் சக்திமான் லாரியும், நிஸான் வடிவமைப்பில் வந்த ஜோங்காவும். ஜோங்கா தயாரிப்பு 1999இல் நின்றது. நாலு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். குடிக்கிற குடியைப் பார்த்துப் பயந்து, வாங்கியவர்கள் டீசல் இன்ஜின் மாட்டினார்கள். ராணுவ ஜீப்பில் ஏதாவது உடைந்தால் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போதும் என்பது சென்னைக்காரர்களின் தைரியம்.

இன்று அந்த வழி ஏறக்குறைய அடைந்துவிட்டது. ஏலமெல்லாம் எம்எஸ்டிசி நிறுவனத்தின் இணையதளத்தில் நடக்கிறது. கைதட்டிக் கூவும் ஏலதாரர் இல்லை. 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவே செல்லாது. நாட்டுப் பாதுகாப்புக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. இன்ஜினை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விடாது. 50 வயதைத் தாண்டிய வண்டியை 2021இல் வந்த 'விஏ' நம்பர் பிளேட்டில் பதியலாம். ஆனால் கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான் எடுக்க முடியும், மதுராந்தகம் சந்தைக்கு அல்ல.

ஆசை விடாமல் யாரிடமாவது பழைய ஜீப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் ராணுவ விற்பனைக் கடிதத்தைக் கேளுங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண், ஆர்சி புத்தகம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ராணுவ நம்பரில் மேல்நோக்கிய அம்புக்குறிக்கு அடுத்த இரண்டு இலக்கம், வண்டி வந்த வருடம். விற்பவர் சொல்லும் வயதும் அதுவும் சரியா என்று அதை வைத்தே தெரிந்துவிடும். பரண் பெட்டிக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் மூடியை ஈரத்துணியால் துடைத்து, அந்த எண்ணை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம்.