முன்யோசனையற்ற தாய்மை: ஒரு சொல்லின் வரலாறு

நெய்வேலிச் சுரங்க நகரை அடுத்த மந்தாரக்குப்பத்தில் நாம் ஊழியந் தொடங்கிய 1990களின் இறுதியில், தன் மூன்றாம் பிள்ளையை ஞானஸ்நானத்திற்குக் கொணர்ந்த தாயொருத்தி சபையார்முன் தலைகுனிந்து நின்றார். “எதிர்பாராமல் வந்துவிட்டது, ஐயா” என்றார். அந்நாணம் திருமறையிலிருந்து வந்ததன்று. அதற்கு வேறொரு வரலாறு உண்டு.

1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராயிருந்த ஆர். ஏ. கோபாலசாமி ஓர் அளவுகோலை வகுத்தார். மூன்று பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் ஒருவரேனும் உயிரோடிருக்க, மீண்டும் பெறுவது ‘முன்யோசனையற்ற தாய்மை’ எனப்பட்டது. உணவு விளைச்சல் மக்கட்பெருக்கத்துக்கு ஈடுகொடாது என்ற அச்சம் அவரை ஆட்கொண்டிருந்தது. 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை நினைவில் கொண்ட தலைமுறையை நாம் எளிதில் பழித்தலாகாது. பின்னர் அவர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். அறுவைக்கு உடன்பட்ட ஏழைகளுக்குப் பணம் தரும் வழக்கமும் 1950களில் இம்மாநிலத்திலேயே தொடங்கிற்று.

அவ்வளவுகோலின்படி ஆறு குமாரரையும் ஒரு குமாரத்தியையும் பெற்ற லேயாள் குற்றவாளி. சாமுவேலுக்குப் பின் ஐவரைப் பெற்ற அன்னாளும் அவ்வாறே (1 சாமு. 2:21). மாற்கு 6:3ஐ நம் மரபின்படி வாசிப்போமாயின், நாசரேத்தூர் மரியாளும் தப்பார்.

திருச்சபை என்ன செய்தது? ஆங்கிலிக்கப் பேராயர்களின் லாம்பெத் மாநாடு 1920இல் கருத்தடையைக் கண்டித்தது. 1930இல் நிபந்தனையோடு இசைந்தது. 1958இல் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பெற்றோரின் மனச்சாட்சிக்கு உரிய பொறுப்பாக்கியது. மனச்சாட்சி என்னும் அச்சொல்லே நமக்கு முக்கியம். ஏனெனில் நெருக்கடி நிலையின்போது, 1976–77ஆம் ஆண்டில் மட்டும், நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் எத்தனையோ மனச்சாட்சியைக் கேளாமலே நடந்தவை.

ஆதியாகமம் 1:28 கட்டளையா, ஆசீர்வாதமா? மிஷ்னாவின் ரபீமார் கட்டளையென்றே கொண்டு தொகையும் குறித்தனர்: ஷம்மாய் பள்ளியார்க்கு இரு குமாரர், ஹில்லேல் பள்ளியார்க்கு ஒரு குமாரனும் ஒரு குமாரத்தியும். (நம் சுவர்களில் எழுதப்பட்ட ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ ஹில்லேலுக்கு உவப்பாயிருந்திருக்கும்!) ஆயினும் அதே சொற்கள் 1:22இல் மீன்களுக்கும் பறவைகளுக்கும் ஆசியாகவே உரைக்கப்படுகின்றன. மீன்களிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை.

இன்று காற்று திசைமாறிவிட்டது. 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகளே. 2024 அக்டோபரில் சென்னைத் திருமண விழாவொன்றில், நாடாளுமன்ற இடங்கள் குறையுமென்ற அச்சத்தைச் சுட்டி, பதினாறு பிள்ளைகள் பெற்றாலென்ன என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பாதி வேடிக்கையாக வினவினார். அவ்வாரமே நம் சபையாரும் அதைத் திருமண வீட்டில் திருப்பிச் சொல்லக் கேட்டோம்.

அப்பந்தியில், மணமாகிப் பதினோராண்டுகள் பிள்ளையில்லாத சகோதரி ஒருவரும் அமர்ந்திருந்தார். ஞானஸ்நான ஞாயிறுகளில் அவர் ஆலயத்திற்கு வருவதில்லை. பிள்ளையற்ற அண்ணகருக்குக் கர்த்தர் தம் மதில்களுக்குள்ளேயே, குமாரர் குமாரத்திகளினும் மேலான பெயரை வாக்களித்த ஏசாயா 56ஐ, நாம் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை.