நாடகம் பார்த்த தம்பதி

நாடகம் முடிந்து வீடு திரும்பும் தம்பதிகளை நேயர்கள் கவனித்திருக்கலாம். கணவர் இரண்டடி முன்னால் நடந்துகொண்டே, கதாநாயகன் அழுதது போதுமா, மூன்றாவது காட்சி நீண்டுவிட்டதா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போவார். மனைவி 'உம்' கொட்டிக்கொண்டே பின்னால் வருவாள். அவளுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். பல சமயங்களில் அது கணவருடைய அபிப்பிராயத்தைவிட நல்லதாகவே இருக்கும். ஆனால் மறுநாள் நாலு பேரிடம் நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர் கணவர்தான். ஆகவே ஊரில் பரவுவது அவருடைய விமரிசனமே.

இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. 360 வருஷங்களுக்கு முன்னால் லண்டன் மாநகரத்தில் ஒரு தம்பதி ஓயாமல் நாடகம் பார்த்தார்கள். அவர்கள் எந்தத் தேதியில் எந்த நாடகத்துக்குப் போனார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், வீடு திரும்ப வண்டி கிடைத்ததா இல்லையா என்பதெல்லாம் இன்றைக்கும் நமக்குத் தெரியும். அவர்களுடைய கதையை ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால், இவ்வளவு பொருத்தமாகச் சம்பவங்களை அடுக்கியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த நாட்குறிப்பைப் பற்றி நேயர்கள் அறிவார்கள். அந்தப் பிள்ளையவர்களை 'இந்தியாவின் பீப்ஸ்' என்று சொல்வது உண்டு. நம் கதையில் வரும் கணவர் அந்த அசல் பீப்ஸ்தான். முழுப் பெயர் சாமுவேல் பீப்ஸ். தையற்காரரின் மகனாகப் பிறந்து, கெட்டிக்காரத்தனத்தாலும் பெரிய மனிதர் ஒருவரின் தயவாலும் கடற்படை அலுவலகத்தில் நல்ல உத்தியோகத்துக்கு வந்தவர். 1655-இல் அவர் எலிஸபெத் என்ற பெண்ணை மணந்தார். அவளுடைய தகப்பனார் பிரெஞ்சுக்காரர். கையில் காசு இல்லாதவர். சீதனம் எதுவும் வரவில்லை. அது முழுக்க முழுக்கக் காதல் கல்யாணம். பீப்ஸுக்கு வயது 22. எலிஸபெத்துக்குப் பதினைந்து நிரம்பவில்லை.

1660 ஜனவரி 1-ஆம் தேதி பீப்ஸ் தம்முடைய நாட்குறிப்பை ஆரம்பித்தார். அப்போது லண்டனில் நாடகமே இல்லை என்று சொல்லலாம். 1642-இல் பார்லிமெண்டார் நாடகக் கொட்டகைகளை மூடிவிட்டார்கள். உள்நாட்டுப் போர் நடந்து, ராஜாவின் தலையை வெட்டி, குடியரசும் நடத்திப் பார்த்த பிறகு, 1660 மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் மன்னன் நாடு திரும்பினான். அவனோடு நாடகமும் திரும்பி வந்தது. கில்லிக்ரூ, டாவனன்ட் என்ற இருவருக்கு மன்னன் உரிமை கொடுத்தான். ராஜா பெயரில் ஒரு கம்பெனியும், ராஜாவின் தம்பி யார்க் பிரபுவின் பெயரில் ஒரு கம்பெனியும் ஏற்பட்டன. பதினெட்டு வருஷப் பசியோடு ஜனங்கள் கொட்டகைகளுக்கு ஓடினார்கள். அவர்களோடு பீப்ஸும் ஓடினார்.

நம் ஊர்க் கூத்தைப் போல அங்கே விடிய விடிய ஆட்டம் இல்லை. பிற்பகல் மூன்று மணி வாக்கில் நாடகம் தொடங்கும். முடிந்து வெளியே வரும்போது, குளிர்காலமானால் இருட்டிவிடும். கூலிக்குப் பந்தம் பிடிக்கும் பையன்கள் வெளிச்சம் காட்ட, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பீப்ஸ் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

அந்தக் காலத்து மேடையில் மற்றொரு பெரிய மாறுதலும் நிகழ்ந்தது. அதுவரை இங்கிலாந்து மேடையில் ஸ்திரீ வேஷம் போட்டவர்கள் ஆண் பிள்ளைகளே. 1661 ஜனவரி 3-ஆம் தேதி, பீப்ஸ் முதன் முதலாக மேடையில் பெண்களைப் பார்த்தார். அதற்கு நாலு நாள் கழித்து மனைவியையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு 'மௌனப் பெண்' என்ற நாடகத்துக்குப் போனார். அதில் கினாஸ்டன் என்ற வாலிப நடிகர் ஏழைப் பெண்ணாக ஒரு முறையும், சீமாட்டியாக ஒரு முறையும், ஆணாக ஒரு முறையும் தோன்றினார். பெண் வேஷத்தில் கொட்டகையிலேயே அழகான பெண் அவர்தான், ஆண் உடையில் கொட்டகையிலேயே அழகான ஆணும் அவர்தான் என்று பீப்ஸ் எழுதி வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அதே காட்சியைக் கண்ட எலிஸபெத் என்ன நினைத்தாள்? நாட்குறிப்பில் அது இல்லை.

பீப்ஸ் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பஸ்தர். மேல்மாடத்தில் ஒரு ஷில்லிங். நடு மாடத்தில் ஒன்றரை ஷில்லிங். கீழே பெரிய மனிதர்கள் உட்காரும் இடத்தில் இரண்டரை ஷில்லிங். கொட்டகைக்குள் பெண்கள் கூடையில் வைத்து விற்கும் ஆரஞ்சுப் பழம் ஒன்று ஆறு பென்ஸ். அதாவது மூன்று பழம் தின்றால் ஒன்றரை ஷில்லிங் டிக்கெட்டின் விலை ஆகிவிடும். ஒரு நாள் இவர் ஒன்றரை ஷில்லிங் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது, இவருடைய அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் நாலு பேர் இரண்டரை ஷில்லிங் இடத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டார். அவர்கள் தம்மைப் பார்த்துவிட்டார்களே என்று மனம் குன்றிப் போனார். இந்த வேதனை நமக்குப் புரியாததா?

செலவைக் கண்டு பயந்து அவர் சபதம் செய்வார். 1661-ஆம் வருஷக் கடைசி நாளன்று, இனிமேல் நாடகமும் மதுவும் வேண்டாம் என்று சத்தியம் செய்துகொண்டார். சபதத்தை மீறினால் ஏழைகள் உண்டியலில் அபராதம் போடுவதாக ஏற்பாடு. இரண்டு மாதம் கழித்து, 1662 மார்ச் 1-ஆம் தேதி, மனைவியோடு 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் ஆஜர்! பார்த்துவிட்டு வந்து, தம் வாழ்நாளில் கேட்டவற்றிலெல்லாம் இதுவே மோசமான நாடகம் என்று எழுதினார். ஷேக்ஸ்பியர் பாவம்! 'நடுவேனில் கனவு' நாடகத்தையும் அதே வருஷம் பார்த்து, அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட்டார்.

ஆனால் என் மனம் அந்த மார்ச் 1-ஆம் தேதியிலேயே நிற்கிறது. நாடகத்தில் வரும் ஜூலியட்டுக்குப் பதினாலு வயது நிரம்பவில்லை. எலிஸபெத் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதும் ஏறக்குறைய அதே வயதில்தான். இப்போது அவளுக்கு 21. கல்யாணத்துக்குப் பிறகு ஜூலியட் உயிரோடிருந்து குடித்தனம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது, அந்தக் கொட்டகையில் வேறு யாரையும்விட அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளுடைய விமரிசனத்தை நான் எவ்வளவோ கொடுத்துப் படிப்பேன்.

அவள் எதுவும் எழுதவில்லையா? எழுதினாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

1663 ஜனவரி 8-ஆம் தேதி, 'ஐந்து மணி நேரச் சாகசங்கள்' என்ற புது நாடகம் முதல் தடவையாக நடக்கிறது. ஊரெல்லாம் அதே பேச்சு. பீப்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவியைப் புறப்படச் சொன்னார். நல்ல உடைகளெல்லாம் பெட்டிக்குள் இருக்கின்றன. சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்காரி ஜேன் எங்கேயோ வெளியே போய்விட்டாள். உடனே ஒரு கொல்லனை வரவழைத்துப் பூட்டை உடைத்து, உடையை எடுத்து உடுத்திக்கொண்டு ஓடினார்கள். சீக்கிரம் போயும் கூட்டம் தாங்கவில்லை. ஒரு பெஞ்சியின் ஓரத்தில், மேடை சரியாகத் தெரியாத இடம்தான் கிடைத்தது. இருந்தும் என்ன? இதைப் போன்ற நாடகத்தைப் பார்த்ததுமில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை என்று பீப்ஸ் பரவசமடைந்தார். வீடு திரும்ப வண்டி பிடிப்பதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

பூட்டை உடைத்துக்கொண்டு நாடகத்துக்குப் போன அந்தத் தம்பதியை நினைத்தால் யாருக்கும் சிரிப்பும் பிரியமும் உண்டாகும். நாட்குறிப்பில் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

மறுநாள் காலையில் கண் விழித்ததும் எலிஸபெத் அழுதுகொண்டே பேச ஆரம்பித்தாள். இரண்டு மாதத்துக்கு முன்பு, தன் மனக்குறையை அவள் ஒரு கடிதமாக எழுதிக் கணவரிடம் கொடுத்திருந்தாள். அவர் அதைப் படிக்காமலே எரித்துவிட்டார். ஆனால் அவள் ஒரு பிரதி வைத்திருந்தாள்! இப்போது ஜேனை அழைத்து, சாவியைக் கொடுத்து, பெட்டியிலிருந்து காகிதக் கட்டை எடுத்து வரச் செய்து, அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தாள். நாளெல்லாம் வீட்டுக்குள் தனியாகக் கிடக்கும் தன் வாழ்க்கை எவ்வளவு கசப்பாயிருக்கிறது என்பதுதான் அதில் இருந்த விஷயம். எப்போதோ ஒரு பிற்பகல் நாடகத்துக்கு அழைத்துப் போகிறார்; மற்றப் பொழுதெல்லாம் அவர் அலுவலகத்திலும் நண்பர்களிடத்திலும் இருக்கிறார். அவளுக்கோ நாலு சுவர்தான்.

எழுத்தில் காரம் இருந்தது, அதில் பெரும்பாலும் உண்மையே என்று பீப்ஸ் தம் நாட்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். பிறகு ஏன் கோபம்? அது இங்கிலீஷில் எழுதப்பட்டிருந்ததுதான் காரணம். யார் கையிலாவது அகப்பட்டால் படித்துவிடுவார்களே! கடிதத்தைக் கிழிக்கச் சொன்னார், அவள் மறுத்தாள். பிடுங்கிக் கிழித்தார். அத்தோடு நிற்கவில்லை. அந்தக் கட்டிலிருந்த மற்றக் காகிதங்களையும், தாமே ஒரு காலத்தில் அவளுக்கு எழுதிய காதல் கடிதங்களையும்கூட, அவள் அழுது தடுக்கத் தடுக்க, அவள் கண் முன்னால் ஒவ்வொன்றாகக் கிழித்தார். தம் மனசுக்கே அது பொறுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். கல்யாணப் பத்திரமும் அவளுக்கு அவர் எழுதிய முதல் கடிதமும் எப்படியோ தப்பின.

இதிலே ஒரு விபரீதத்தைப் பாருங்கள். பீப்ஸ் தம் நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில் எழுதினார், வேறு யாரும் படிக்கக் கூடாது என்று. அப்படி ஒளித்து வைத்ததனாலேயே அது பிழைத்தது. கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றுக்குத் தம் புத்தகங்களோடு அதையும் கொடுத்தார். 1819-இல் ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் உட்கார்ந்து மூன்று வருஷம் பாடுபட்டு அதைப் பெயர்த்தெழுதினார். 1825-இல் ஒரு பகுதி அச்சாயிற்று. இன்று உலகமே அதைப் படிக்கிறது. எலிஸபெத்தோ யாரும் படிக்கக்கூடிய எழுத்தில் எழுதினாள். ஆகவே அது கிழிந்தது.

அதற்குப் பிறகும் அவர்கள் நாடகம் பார்ப்பது நிற்கவில்லை. 1665-இல் பிளேக் நோய் வந்து கொட்டகைகளை மூடிற்று. 1666 செப்டம்பரில் பெருந்தீ லண்டனின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிற்று. நாடகம் மறுபடி உயிர் பெற்றதும் இருவரும் மறுபடி போனார்கள். 1667 ஜனவரியில் ஒரு நாள், நாடகம் முடிந்த பிறகு, புகழ் பெற்ற நடிகை நெல் க்வின்னை நேரில் சந்தித்தார்கள். பீப்ஸ் அவளை முத்தமிட்டு வரவேற்றார். எலிஸபெத்தும் அப்படியே செய்தாள்.

1668 பிப்ரவரி 27-ஆம் தேதி மனைவியோடு ஒரு பழைய நாடகம் பார்த்தார். தேவதை ஒருத்தி மேலேயிருந்து இறங்கும்போது குழல் வாத்தியங்கள் ஒலித்தன. அந்த இசை அவருடைய ஆத்மாவையே சுருட்டிக்கொண்டது. முன்னொரு காலத்தில் மனைவியிடம் காதல் கொண்டு தவித்தபோது எப்படி உடம்பு நோவு கண்டதோ, அப்படியே இப்போதும் ஆயிற்று என்கிறார். அந்த மனைவி அப்போது பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தாள்! அன்றிரவு வீட்டில் அவருக்கு வேறு நினைவே இல்லை. தானும் குழல் வாசிக்கப் பழகி, அவளையும் பழகச் செய்வது என்று தீர்மானித்தார். அன்றிரவு அவர் நினைத்ததை அவளிடம் சொல்லியிருந்தால், கிழித்த கடிதங்களுக்கு அது ஈடாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எலிஸபெத்தின் குரல் ஒரே ஓர் இடத்தில் தெளிவாகக் கேட்கிறது. அதே வருஷம் ஜூன் மாதம், மகாகவி டிரைடனுடைய புது நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்த அவள், இந்தக் கதை ஒரு பிரெஞ்சு நாவலிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையன்று அந்தப் புத்தகத்தையே எடுத்துக் கணவருக்குப் படித்தும் காட்டினாள். ஒத்துப் பார்த்த பீப்ஸ், அச்சாக அப்படியே இருக்கிறது என்று எழுதினார். வீட்டில் தனியே கிடந்த நாட்களில் அவள் படித்த நாவல்கள் வீண் போகவில்லை. நாவல் படிக்கும் ஸ்திரீகளைப் பற்றிக் கேலி பேசுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வருஷம் அக்டோபரில், வீட்டிலிருந்த தோழிப் பெண்ணைப் பீப்ஸ் அணைத்துக்கொண்டிருந்ததை எலிஸபெத் நேரில் பார்த்துவிட்டாள். அதன் பிறகு எத்தனையோ இரவுகள் தூக்கமில்லை. அந்தப் பெண் வெளியேற நேர்ந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி, பீப்ஸ் புதிதாக வாங்கிய சொந்தக் கோச்சு வண்டியில் முதன் முறையாக மனைவியை ஏற்றிக்கொண்டு எங்கே போனார்? நாடகத்துக்குத்தான்! இனி வண்டிக்காக ஒரு மணி நேரம் காத்து நிற்க வேண்டியதில்லை.

1669 மே 31-ஆம் தேதி, கண் பார்வை போய்விடுமோ என்ற பயத்தால் நாட்குறிப்பை நிறுத்தினார். பிறகு இருவரும் ஹாலந்து, பாரிஸ் முதலிய இடங்களுக்கு யாத்திரை போய் வந்தார்கள். திரும்பி வந்ததும் எலிஸபெத் காய்ச்சலில் விழுந்தாள். நவம்பர் 10-ஆம் தேதி இறந்தாள். அப்போது அவளுக்கு 29 வயது. பீப்ஸ் பிறகு 33 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அவர்கள் வழிபட்ட செயின்ட் ஓலேவ் ஆலயத்தில் அவளுக்கு ஒரு மார்பளவுச் சிலை செய்து உயரமான சுவரில் வைத்தார். கடற்படை அலுவலகத்தார் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து பார்த்தால் அவள் முகம் தெரியும். சமாதிச் சிலைகளுக்கு உரிய மோன பாவம் அதில் இல்லை. தலை சற்றுத் திரும்பியிருக்கிறது, உதடுகள் பிரிந்திருக்கின்றன. நாடகம் பார்த்துவிட்டு வருகிறவள், வழியில் ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருக்கிறாள்.