நடுகல் இல்லாத தோழர்கள்

போரில் பட்ட வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்துக் கல் நடுவது தமிழ் மரபு. அவ்வாறு ஒரு கல்லுக்குச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலை 8ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். இந்திய தேசிய இராணுவத்தில் உயிரிழந்த, பெயரறியாத வீரர்களுக்கான நினைவுச்சின்னம் அது. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயப் படை அதைத் தகர்த்தெறிந்தது. அவ்விடத்தில் ஒரு நினைவுக்குறி மீண்டும் எழுந்தது 1995இல்தான். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளும் அவ்வீரர்களுக்கு வாய்த்த நடுகல் ஒன்றே: உயிர்பிழைத்த தோழர்கள் கூடியபோதெல்லாம் பேசிய பேச்சு. அப்பேச்சை நாம் எவ்வாறு கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பேசியவர் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பூங்காவில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களைக் கொண்டு மோகன் சிங் அமைத்த முதற்படை அவ்வாண்டின் இறுதியிலேயே கலைந்துபோயிற்று. 1943 ஜூலையில் போஸ் வந்து தலைமை ஏற்றபின் பொதுமக்களுக்கும் படையின் வாயில் திறந்தது. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும், கடைப்பையன்களும், பள்ளி மாணவர்களும் சேர்ந்தனர். இவ்வாறு சேர்ந்தவருள் பெரும்பாலோர் தமிழர்.

ஆகவே ஒரே படையில் இருவகைத் தோழர்கள் இருந்தனர். கைதான சிப்பாய் கடல் கடந்து அயல்நாட்டுக்கு வந்தவன். அவன் நினைவில் ‘நாடு’ என்பது தான் விட்டுவந்த ஊர். தோட்டத்துத் தமிழனின் நிலை வேறு. மலாயாவிலேயே பிறந்தவர் பலர் இந்தியாவைக் கண்ணாலும் கண்டதில்லை. காணாத நாட்டை மீட்கப் புறப்பட்டு, அதைக் காணாமலேயே திரும்பியவர்கள் அவர்கள். முன்னவனுக்குப் போர்க்களம் வெளிநாடு. பின்னவனுக்குத் தாய்நாடே வெளிநாடு. இவ்வேறுபாட்டை மறந்தால் அவர்கள் பேச்சின் பொருள் நமக்குப் பிடிபடாது.

பெண்கள் படையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மருத்துவம் பயின்று 1940இல் சிங்கப்பூர் சென்ற டாக்டர் லட்சுமி, ஜான்சிராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். ஜானகி தேவரும் ராசம்மாவும் மலாயாவில் பிறந்து வளர்ந்த இளம்பெண்கள். ராசம்மா இலங்கைத் தமிழ் வழிவந்தவர். ஆணைகள் இந்துஸ்தானியில் வந்தன. ஆணையைக் கேட்டு நின்ற அணிகளிலோ தமிழே மிகுதி. பர்மாவில் காயம்பட்டு வந்தோருக்கு அவர்கள் பணிவிடை செய்தனர். ஆயின் இந்திய எல்லையை அப்படை கடக்கவே இல்லை. 1945 ஏப்ரல் இறுதியில் இரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானங்களுக்கு அஞ்சி இரவில் நடந்தார்கள். பாதம் கொப்புளித்தும் தங்களோடு நடந்துவந்த தலைவரைப் பற்றி அவர்கள் பின்னாளில் சலிக்காமல் சொன்னார்கள். வெற்றி ஒன்றும் இல்லாத அந்நடைப்பயணம் ஏன் அவ்வளவு இனித்தது? தோட்டத்தில் ‘கூலி’ என்றழைக்கப்பட்ட இனத்தவரைத் தோழர் என்றழைத்து, ஒரே சமையலில் சாதி மத வேறுபாடின்றி உண்ணச் செய்த வாழ்வு அது. அவர்கள் நினைவில் நின்றது போர் அன்று, மதிப்பு.

எனினும் அப்பேச்சில் ஒரு மௌனமும் உண்டு. அதே ஆண்டுகளில்தான் மலாயாத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். அப்பாதையை அமைத்தது ஜப்பான்; இப்படையின் கூட்டாளியும் அதுவே. இரயில் பாதைக்கு அஞ்சியே படையில் சேர்ந்தவரும் உண்டு. வீரமும் அச்சமும் ஒருவன் நெஞ்சிலேயே குடியிருக்கலாம். அச்சத்தைச் சொல்லாததற்காகத் தோழர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. வரலாறு எழுதுவோர் அதையும் சேர்த்தெழுதக் கடமைப்பட்டவர்கள்.

திரும்பியவர்க்கு என்ன கிடைத்தது? செங்கோட்டை வழக்கில் மூன்று அதிகாரிகளுக்காக நாடே கொந்தளித்தது. ஆயின் 1947க்குப் பின்னும் அவ்வீரர்கள் இந்தியப் படையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. தியாகிகளுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் வந்தது 1972இல். அதே ஆண்டில் ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வெளிவந்தது தற்செயலே. அதற்கு முன்பே, 1959இல் வந்த ‘கடலுக்கு அப்பால்’ நாவலில், படையிலிருந்து கடைக்குத் திரும்பிய செல்லையாவுக்கு நேர்வதை அவர் எழுதிவிட்டார். துப்பாக்கி ஏந்திய கை மறுபடி கணக்கேட்டைப் பிடிக்கும்போது நேரும் முறிவு, ஆவணங்களில் இல்லை, அந்நாவலில் இருக்கிறது.

லட்சுமி 2012இலும் ஜானகி 2014இலும் மறைந்தனர். தளபதிகளின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. தோட்டத்து வீரன் தன் பேரனிடம் சொன்னது எங்கும் பதிவாகவில்லையெனில் அவனோடு போயிற்று. குடும்பங்களில் எஞ்சியிருக்கும் கதைகளைப் பெருமையோடு மட்டுமன்றி, அவற்றின் மௌனங்களோடும் எழுதிவைத்தல் வேண்டும். இனி நாம் நடக்கூடிய கல் அதுவே.