முதல் லாங் ரைடா? நைட் ஷிப்ட் முடிச்சு நேரா கிளம்பாதீங்க!

ஸ்ரீபெரும்புதூர்:

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வாலிபர்களுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் மீது தனி மோகம். இருக்காதா பின்னே? 2008-ல் ஆர்15-ஐ இறக்கிய யமஹாவுக்கு வல்லம் வடகாலில் தொழிற்சாலை. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ரேஸ் மைதானம்.

தவணையில் வண்டி எடுத்ததும் பலருக்கு முதல் ஆசை ஏலகிரி. வேலூர் வழியாக சுமார் 190 கி.மீ. மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

வண்டியை விட ஓட்டுபவரின் தூக்கம்தான் முக்கியம். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்சில் இறங்கியதும் அப்படியே சாவியைத் திருகுபவர்கள் உண்டு. வெயில் ஏற ஏற கண் சொக்கும். ஓரத்தில் நிற்கும் டிரெய்லர் லாரி கிட்டே வந்த பிறகுதான் தெரியும். 6 மணி நேரமாவது தூங்கிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் புறப்படுவதே நல்லது.

குனிந்து ஓட்டுவதால் பாரம் மணிக்கட்டில் இறங்கும். டேங்கை முழங்காலால் இறுக்கிப் பிடித்தால் கை மரத்துப்போவது குறையும். 60 கி.மீ.க்கு ஒரு டீ குடிக்கலாம், தப்பில்லை.

செயினை மண்ணெண்ணெய் துணியால் துடைத்து லூப் அடிக்க வேண்டும். பெட்ரோல் பட்டால் ஓ-ரிங் ரப்பர் கெட்டுவிடும். டயர் சூடாகும் முன்பே காற்று பிடிக்கணும். பையின் பட்டை சக்கரத்தில் சிக்காமல் சீட்டில் கட்டணும்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

மலையில் இறங்கும்போது நியூட்ரலில் விடவே கூடாது. 2-வது கியரில் மெதுவாக இறங்கி, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும்.