முகமூடியின் நிறமும் ஆடுபவரின் கையும்: ‘ஸ்பிளாட்டர்ஹவுஸ்’ ஆட்டத்தில் திகிலின் இருப்பிடம்

நாம்கோ நிறுவனம் 1988இல் ஆர்கேடுக் கூடங்களுக்குக் கொண்டுவந்த ‘ஸ்பிளாட்டர்ஹவுஸ்’ வீடியோ விளையாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் குருதியோடு நின்றுவிடுகிறது. கட்டையால் அடிபட்ட உருவம் பின்சுவரில் மோதிச் சிதறுவது அன்றைய திரைகளில் அரிய காட்சிதான். ஆயினும் திகிலின் ஊற்று அதுவே என்ற முடிவுக்கு 1990இல் பிசி எஞ்சின் கன்சோலுக்கு வந்த வீட்டுப் பதிப்பு இடந்தரவில்லை. ஒற்றைப் பின்னணி அடுக்கு மட்டுமே கொண்ட அந்தக் கருவியில் மூல ஆட்டத்தின் காட்சி ஆழம் குறைந்தது. தேவாலயக் கட்டத்தில் தலைகீழாகத் தொங்கிய சிலுவைக்குப் பதில் வேறோர் உருவம் வந்தது. ‘டர்போகிராஃபிக்ஸ்-16’ என்ற பெயரில் அமெரிக்காவில் விற்ற கன்சோலுக்கான பதிப்பிலோ, நாயகன் ரிக்கின் வெள்ளை முகமூடி சிவப்பானது. ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’ படவரிசையின் ஜேசன் அணியும் ஹாக்கி முகமூடியை அது அப்படியே நினைவூட்டியதே காரணம். இத்தனை மாறியும் ஆட்டம் அச்சுறுத்துகிறது. ஏனெனில் மாறியவை அடையாளங்கள். ஆடுபவரின் கைக்கு இட்ட பணி மாறவில்லை.

அந்தப் பணியின் கொடுமை ஐந்தாம் கட்டத்தில் வெளிப்படுகிறது. வெஸ்ட் மாளிகைக்குள் ரிக் போராடி முன்னேறுவதே காதலி ஜெனிஃபரை மீட்கத்தான். அவள் கண்ணெதிரே அரக்கியாக மாறித் தாக்குகிறாள். இடையிடையே மனித உருவுக்குத் திரும்பி உதவி கேட்கிறாள். அவளைக் கொல்லாமல் அடுத்த கட்டம் திறக்காது. தேர்வே இல்லாத இடத்தில் பொறுப்பு ஏது, ஆடுபவர் விதியை நிறைவேற்றுகிறவர்தானே என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் திரைப்படத்தில் பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டிருந்தாலும் கொலை நடந்துவிடும். இங்கே பொத்தானை அழுத்தாதவரை அவள் சாவதில்லை. வேறு வழியின்றிச் செய்தாலும் செய்தது தன் கை என்ற உணர்வே இந்த ஆட்டம் தரும் திகில். கண்ணாடிகளிலிருந்து ரிக்கின் பிம்பங்களே வெளிவந்து தாக்கும் காட்சி இதற்கு முன்னறிவிப்பு என்றே கருதுகிறேன்.

குருதியையும் குறைத்திருந்தால் திகில் நிற்குமா என்பது இன்னொரு மறுப்பு. பிசி எஞ்சின் பதிப்பு குருதியைப் பெருமளவு வைத்துக்கொண்டதால் அதை மட்டும் கொண்டு விடை சொல்ல முடியாது. 1989இல் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்த, இதே வரிசையைச் சேர்ந்த ‘வன்பாகு கிராஃபிட்டி’யில் குருதியும் இல்லை, திகிலும் இல்லை, அங்கே ஜெனிஃபரைக் கொல்ல வேண்டியதும் இல்லை என்பதால், எது போனதால் திகில் போயிற்று என்று அதைக் கொண்டும் அறுதியிட இயலாது. முகமூடி மட்டும் போதாது என்பதையே அது காட்டுகிறது. தெளிவான சான்று மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்த தொடர்ச்சிகளில் கிடைக்கிறது. 1992இல் வந்த இரண்டாம் பாகத்தில் குருதிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரிக் அங்கே இறந்தவளை மீட்டுக் கொண்டுவருகிறான். 1993இல் வந்த மூன்றாம் பாகத்தில் மனைவியும் மகனும் பிழைப்பது கடிகாரத்தைப் பொறுத்தது. தாமதித்தால் இழப்பு, விரைந்தால் மீட்பு. முதல் ஆட்டம் கையின் மீது சுமத்திய பழியை இவ்விரண்டும் இறக்கிவைத்துவிடுகின்றன. குருதி அப்படியே இருந்தும் அவை முதல் ஆட்டத்தின் அளவுக்கு மனத்தைக் கலக்காததற்கு அதுவே காரணம்.